வாலில் மூன்று இலை

மே 6

சின்னவளுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். மகன் வீட்டில் பால்கனியை ஒட்டிய அறையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதைச் சொல்ல இந்தக் கடிதம் இல்லை. நீ போனில் கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. இனியும் எடுக்க மாட்டேன். போனில் நான் கத்துவேன், நீ அழுவாய். அழுகிறவள் பக்கம் நியாயம் சாய்ந்துவிடும். நமக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான் சாய்கிறது. காகிதத்தில் அழ முடியாது. ஆகவே எழுது.

நடந்ததை நான் எழுதுகிறேன். தப்பிருந்தால் சொல்.

சுகாதார ஆய்வாளர் வந்தார். நம் மீன்குஞ்சுத் தொட்டியில் டார்ச் அடித்துப் பார்த்தார். கொசுப்புழு நெளிந்தது. "இன்னொரு தடவை இதைப் பார்த்தா எல்லாத் தொட்டியையும் கவுத்துட்டுத்தான் போவேன்" என்றார். நீ கையைப் பிசைந்துகொண்டு நின்றாய். மருந்து ஊற்றினால் மீன்குஞ்சும் சாகும். வலை போட்டு அள்ளினால் கொசுப்புழுவோடு மீன்குஞ்சும் வரும். பெரிய மீனை விட்டால் அது இரண்டையும் சேர்த்து விழுங்கும். அப்போது வழி யோசித்தது யார்? வாய்க்காலில் முழங்கால் தண்ணீரில் நின்று ஊசித்தட்டானின் பிள்ளைகளைப் பிடித்து வந்து தொட்டியில் விட்டது யார்? நீ அல்ல.

அந்த வாரம் முடிவதற்குள் தொட்டி காலி. தொப்பிக்காரியின் குஞ்சு ஒன்றுகூட இல்லை. எனக்கு மட்டும் வயிறு எரியவில்லை என்றா நினைக்கிறாய்? உடம்பெல்லாம் வெள்ளை, தலையில் மட்டும் சிவப்பு. அப்படி ஒரு தங்கமீன் வருவதற்கு நாம் இரண்டு பேரும் எத்தனை தலைமுறை மீன்களைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தோம். முட்டையிட்ட களைப்பில் அவள் செத்தாள். அவள் விட்டுப் போனது அந்தக் குஞ்சுகள்தான்.

அதற்காக நீ என்ன சொன்னாய்? தொட்டி அடியிலிருந்து ஒரு தடித்த பூச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுபடி பார்க்க வந்திருந்த ஆய்வாளர் முன்னால், மீன்தீனிக்கடைக்காரர் முன்னால், "கண்ணு தெரியாத கெழவி கண்டதையும் அள்ளிப் போட்டுட்டா, இவளுக்குத் தட்டானுக்கும் ஊசிக்கும் வித்தியாசம் தெரியல" என்றாய். நான் கிழவி என்றால் நீ என்ன குமரியா? அது போகட்டும். வித்தியாசம் தெரியாது என்றாயே, அது போகாது.

நான் விட்டவை எல்லாம் ஊசித்தட்டான் பிள்ளைகள். ஒவ்வொன்றையும் என் கண்ணாடி ஜாடியில் விட்டு, வெளிச்சத்தில் பிடித்து, வாலில் மூன்று இலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொட்டியில் விட்டேன். எந்த இரண்டு பேர் முன்னால் பழி சொன்னாயோ அதே இரண்டு பேர் முன்னால், அக்கா போட்டது ஊசிதான் என்று சொல். சொல்லும்வரை அந்த வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன்.

அக்கா


மே 13

அக்கா,

எனக்குப் பேசற மாதிரிதான் எழுத வரும். தப்பு கண்டுபிடிக்காத.

காகிதத்துல அழ முடியாதுன்னு யார் சொன்னது? முதல் தாள் நனைஞ்சு போச்சு. இது ரெண்டாவது.

நீ என்ன போட்டேன்னு எனக்குத் தெரியாது. நான் பார்த்ததைச் சொல்றேன். காலைல எழுந்து தீனி போடப் போனேன். சுவரோரமா கண்ணிமை முடி மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்குமே, அது இல்ல. செடிக்கு நடுவுல பார்த்தேன், இல்ல. குழாய் போட்டுத் தண்ணியத் துணி வழியா இறக்கினேன். துணில ஊசிங்க மாட்டுச்சு, ஆனா அடில சேறு நிறத்துல தடித்தடியா நாலைஞ்சு கெடந்துச்சு. வால்ல இலை கெடையாது. கைல எடுத்தா பின்னாடியிருந்து தண்ணியப் பீச்சி அடிக்குது. தட்டான் பிள்ளைன்னு எனக்கும் தெரியும். உங்கூடத்தான இத்தனை வருஷம் இருந்தேன்.

நீ பூச்சி விட்டே, தொட்டில தட்டான் இருந்துச்சு. நான் வேற என்ன நெனைக்க? கோவத்துல வாய் போயிடுச்சு. யார் நிக்கறாங்கன்னு பாக்கல. ஆனா நீயும் மூட்டை கட்டிட்டுப் போற அளவுக்கு என்ன? ஒரு வார்த்தைக்கு ஒரு வீட்டையே விடுவாங்களா?

தீனிக்கடைக்காரர் பேரன் ஒருத்தன் இருக்கான்ல, படிச்சு முடிச்சு சும்மா இருக்கானே, அவன் தொட்டிங்களைக் குத்தகைக்குக் கேக்கறான். கொடுத்திடலாம்னு இருக்கேன். குனிஞ்சா இடுப்பு நிமிர மாட்டேங்குது. நீயும் இல்ல, தொப்பிக்காரியும் இல்ல. யாருக்காகக் குனியறது? ஆனா தொட்டி ரெண்டு பேரோடது. உன் சம்மதம் இல்லாம ஒரு செங்கல்லக்கூடத் தரமாட்டேன்.

காத்து மோட்டார் சத்தம் இல்லன்னா எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது. காலித் தொட்டில ஓட விட்டிருக்கேன்.

சின்னவ


மே 20

சின்னவளுக்கு,

சம்மதம் கிடையாது.

இரண்டாவது விஷயம். 'நீ பூச்சி விட்டே, தொட்டில தட்டான் இருந்துச்சு' என்று எழுதியிருக்கிறாய். பனைமரத்துக்குக் கீழே பால் குடித்தாலும் கள் என்பவர்கள் பேசுகிற பேச்சு இது. நான் புத்தகம் படித்தவள் இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டபோது எனக்குக் கூட்டல் கழித்தல்தான் தெரியும். ஆனால் வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்த நேரத்தைச் சேர்த்தால் ஒரு ஆயுசு வரும். அதனால் பொறுமையாகக் கேள்.

தட்டான் உட்கார்ந்தால் இறக்கையை விரித்தே வைத்திருக்கும், இடுப்பில் கைவைத்து நிற்கிறவள் மாதிரி. ஊசி உட்கார்ந்தால் இறக்கையை முதுகோடு மூடிக்கொள்ளும், முந்தானையைப் போர்த்திக்கொண்டு மூலையில் நிற்கிறவள் மாதிரி. தட்டானுக்குத் தலை முழுக்கக் கண், இரண்டும் நடுவில் இடிக்கும். ஊசிக்குக் கண் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. தட்டான் பறக்கிற பூச்சியைப் பறந்தே பிடிக்கும். ஊசிக்கு அந்தத் தெம்பு இல்லை. புல்லுக்குள் நுழைந்து, உட்கார்ந்திருப்பதைப் பொறுக்கித் தின்னும். இதைப் பார்த்துத்தானே தீனிக்கடைக்காரர் எனக்குத் தட்டான் என்றும் உனக்கு ஊசி என்றும் பெயர் வைத்துச் சிரித்தார். நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய். 'தட்டானக்கா இருக்காங்களா, ஊசியக்கா மட்டும்தானா' என்று வாசலில் கேட்டுவிட்டு உள்ளே வருவார். தட்டானிடம் எல்லோருக்கும் பயம். ஊசியிடம் எல்லோருக்கும் பரிவு.

பிள்ளைகளுக்கு வருகிறேன். இரண்டும் தண்ணீருக்குள் வளர்கிறவை. தட்டான் பிள்ளை குட்டை, தடி. வாலில் இலை கிடையாது. பின்புறத்தால் தண்ணீரைக் குடித்து, பீச்சி அடித்து, அந்த வேகத்தில் பாயும். ஊசிப்பிள்ளை குச்சி மாதிரி இருக்கும். வாலில் மூன்று இலை. அந்த இலையால் மூச்சு விடும், அதை ஆட்டித்தான் நீந்தும். இரண்டுக்கும் முகத்துக்குக் கீழே ஒரு கை மடிந்திருக்கிறது. உதடுதான் அது, கை மாதிரி நீளும். இரை பக்கத்தில் வந்தால் நீட்டி, கொக்கியால் கவ்வி, வாய்க்கு இழுக்கும். தட்டானுக்கு அது பெரிய கரண்டி. ஊசிக்குச் சின்னது, கொசுப்புழுவுக்குத்தான் காணும்.

இப்போது நீ பதில் சொல். தட்டான் பிள்ளை அந்தப் பருமனுக்கு வர மாதக்கணக்கில் ஆகும். குஞ்சுத் தொட்டியைத் தேய்த்துக் காய வைத்துப் புதுத்தண்ணீர் நிரப்பியது தொப்பிக்காரி முட்டையிடுகிற சமயத்தில்தான். அப்படியானால் அந்தத் தடியன்கள் அங்கே பிறக்கவில்லை. வளர்ந்த பிறகு வந்திருக்கின்றன. நான் கொண்டுவரவில்லை. வேறு எது வாய்க்காலிலிருந்து அந்தத் தொட்டிக்குள் போனது?

செடி.

முட்டை ஒட்டுவதற்குச் செடி வேண்டும் என்று வாய்க்காலில் பிடுங்கி வந்தவள் நீ. நான் அப்போது இருமிக்கொண்டு படுத்திருந்தேன். உப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசிப் போடு என்று படுக்கையிலிருந்தே கத்தினேன். "சரி சரி" என்றாய். உன் சரி சரி எனக்குத் தெரியும்.

அலசினாயா?

அக்கா

இங்கே மகனிடம் இதைச் சொன்னேன். அவன் போனைத் தடவிப் பார்த்துவிட்டு, "அம்மா, ரெண்டும் ஒரே இனந்தான், ரெண்டுமே மீன்குஞ்சைத் தின்னும்னு போட்டிருக்கு" என்கிறான். "அந்த போன் எந்தத் தொட்டியிலடா கையை விட்டுப் பார்த்துச்சு?" என்று கேட்டேன்.


மே 30

அக்கா,

அலசல.

ஒரு வரில எழுதிட்டேன். அதை எழுத எத்தனை நாள் ஆச்சுன்னு தேதியப் பார்த்தாலே தெரியும்.

முட்டை எப்ப வேணா விட்டுடுவா போல இருந்துச்சு. அவசரத்துல குழாய்த்தண்ணில ஒரு முக்கு முக்கிப் போட்டுட்டேன். நீ சொன்னது காதுல விழுந்துச்சு. இவ எல்லாத்துக்கும் ஒரு சட்டம் வச்சிருப்பான்னு நெனச்சேன்.

நேத்து ஆய்வாளர் மறுபடி பாக்க வந்தார். தீனிக்கடைக்காரரையும் ஆள் விட்டுக் கூப்பிட்டேன். ரெண்டு பேரையும் காலித்தொட்டி முன்னாடி நிக்க வச்சு சொன்னேன். "எங்கக்கா போட்டது ஊசிதான். அவ கண்ணுல ஒரு குறையும் இல்ல. நான் அலசாம போட்ட செடில வந்த தட்டான்தான் குஞ்சைத் தின்னுச்சு. எல்லாமே என்னாலதான். அவளுக்கு இதுல சம்பந்தமே இல்ல." ஆய்வாளர், "எனக்கு இதையெல்லாம் ஏம்மா சொல்றீங்க, கொசுப்புழு இருக்கா இல்லையா?"ன்னு கேட்டார். தீனிக்கடைக்காரர்தான் தொட்டியையும் என்னையும் மாத்தி மாத்திப் பார்த்தார். அப்பறம், "ஊசியக்கா, நீங்களா!"ன்னாரு. அந்த "நீங்களா" இன்னும் காதுல இருக்கு.

நீ கேட்டது நடந்துச்சு. போதுமா?

இன்னொண்ணு. சொல்லலாமா வேணாமான்னு இருந்தேன். தொட்டித் தண்ணி வழிஞ்சு போற குழி இருக்குல்ல, அதுல என்னவோ அசைஞ்சுது. கிண்ணத்தால மொண்டு பார்த்தேன். குஞ்சு. தொப்பிக்காரி குஞ்சுதான், வேற எதுவும் இந்தத் தடவ முட்டையிடலயே. வழிஞ்ச தண்ணியோட போயிருக்குங்க. ஒரு கை விரலுக்குள்ள அடங்கும். சமையலறைல பெரிய வெள்ளைப் பேசின்ல வச்சிருக்கேன். தொப்பி வருமா வராதான்னு இப்பத் தெரியாது. பொழைக்குமான்னே தெரியாது.

அந்தப் பையன் இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு தொட்டியப் பாக்க வரான். இந்தக் குஞ்சுங்களையும் அவன்கிட்டயே கொடுத்துடப் போறேன். ஒரு செடிய ஒழுங்கா அலசாதவகிட்ட இதுங்க இருக்கக் கூடாது. இப்பவாவது சம்மதம் எழுது. நீ இனிமே தலை நிமிந்து வரலாம், எப்ப வேணா வா.

உன் கண்ணாடி ஜாடியக் கழுவிக் கவுத்து வச்சிருக்கேன். தேடாத.

சின்னவ


ஜூன் 4

சின்னவளுக்கு,

யாரைக் கேட்டு அப்படிச் சொன்னாய்?

நான் கேட்டது ஒன்று. அக்கா போட்டது ஊசி என்று சொல்லச் சொன்னேன். அதைச் சொன்னாய், சரி. அதற்கு மேலே 'எல்லாமே என்னாலதான்', 'அவளுக்கு இதுல சம்பந்தமே இல்ல' என்று நீட்டச் சொன்னது யார்? சின்ன வயதில் தட்டில் இருப்பதை எனக்குத் தள்ளிவிட்டு, "எனக்குப் பசியில்ல" என்பாய். அப்புறம் ஊரே உன்னைப் பாவம் என்று சொல்லும். அதே வேலைதான் இது.

என் ஜாடியை எதற்குக் கழுவினாய்?

கேட்கிறேன், சொல். சாப்பிட்ட தட்டையே அடுத்த வேளைக்குத்தான் கழுவுகிறவள் நீ. அந்த ஜாடியை நான் கழுவாமல்தான் வைத்துவிட்டு வந்தேன். அடியில் பாசி இருந்தது. உனக்கு அது கண்ணிலேயே படாது. அதை எடுத்திருக்கிறாய், எதையோ விட்டுப் பார்த்திருக்கிறாய், பார்த்தது பிடிக்காமல் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்திருக்கிறாய். 'தேடாத' என்று வேறு எழுதுகிறாய். உன்னை எனக்குத் தெரியாதா?

நீ என்ன பார்த்தாய் என்று நானே சொல்கிறேன். ஏனென்றால் நானும் பார்த்தேன்.

மகன் சொன்னது மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. போன் தப்பு என்று காட்ட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். இங்கே பூங்காவில் ஒரு குளம். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். காவலாளி ஓடிவந்து, "பாட்டி, எதைத் தொலைச்சீங்க?" என்றான். "என் மானத்தை" என்றேன். ஊசிப்பிள்ளை ஒன்று கிடைத்தது. வாலில் மூன்று இலை, சந்தேகமில்லை. எதிரே வளர்ப்புமீன் கடையில் அப்போதுதான் முட்டையிலிருந்து வந்த குஞ்சு கொஞ்சம் வாங்கினேன். மருமகளின் கண்ணாடி டம்ளரில் எல்லாவற்றையும் விட்டு, கொசுப்புழுவும் போட்டு, பால்கனியில் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஊசி ரொம்ப நேரம் ஆடாமல் அசையாமல் குச்சி மாதிரி இருந்தது. பார்த்தாயா என்று மனதுக்குள் உன்னிடம் சொன்னேன். மகனைக் கூப்பிடலாம் என்று எழுந்தேன். அப்போது ஒரு குஞ்சு அதன் முகத்துக்கு முன்னால் போயிற்று. மடித்த கை நீண்டது கண்ணுக்கே தெரியவில்லை. குஞ்சின் வால் மட்டும் வாய்க்கு வெளியே துடித்தது. தின்று முடித்துவிட்டு அடுத்ததைப் பார்த்தது. கொசுப்புழுவையும் தின்றது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் குஞ்சு இருக்கும்வரை அதன் கண் குஞ்சின் மேல்தான் இருந்தது. பாதியிலேயே பிரித்துவிடலாம் என்று கை போயிற்று. பிரிக்கவில்லை. முழுக்கப் பார்த்தேன். மருமகள் வந்து, "அத்தை, அது நாங்க தண்ணி குடிக்கிற டம்ளர்" என்றாள். எனக்குப் பதில் வராதது அவளுக்குப் புதுசு. பயந்துபோய் மகனைக் கூப்பிட்டாள்.

இத்தனை வருஷம் வாய்க்கால் ஓரத்தில் பார்த்தேன் என்றேனே, வாய்க்காலில் அன்று முட்டையிலிருந்து வந்த மீன்குஞ்சு எங்கே என் கண்ணில் பட்டது? ஊசிக்கு முன்னால் நான் கொசுப்புழுவைத்தான் வைத்தேன். அது கொசுப்புழுவைத்தான் தின்றது. வேறு எதையும் தின்னாது என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

ஆகவே கணக்கு இப்படி இருக்கிறது. நீ அலசாத செடியில் தட்டான் வந்தது, அது தின்றது. நான் கையால் ஊசியை விட்டேன், அது தின்றது. எது எத்தனை தின்றது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நீ விட்டது சில, நான் விட்டது பல. இதை வைத்து நீயே யோசித்துக்கொள், நான் எழுதிக் காட்ட மாட்டேன்.

இது தெரிந்தும், ஊசி குஞ்சைத் தின்பதை ஜாடியில் கண்ணால் பார்த்தும், அவர்கள் முன்னால் என்னைக் கழுவித் துடைத்து நிறுத்தியிருக்கிறாய், அந்த ஜாடி மாதிரி. எனக்கு வேண்டாம். நான் கேட்டது உண்மையை. உன் தயவை அல்ல. என் பங்குப் பழியை என்னைக் கேட்காமல் எடுத்து விழுங்க நீ யார்? தீனிக்கடைக்காரர் உன்னைப் பார்த்து "நீங்களா" என்றாராமே. அந்த "நீங்களா"வில் பாதி எனக்கு வர வேண்டியது. அதை நான் நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று. நீ என்னைக் கிழவி என்றதும், வித்தியாசம் தெரியாதவள் என்றதும் அப்படியேதான் இருக்கின்றன. எனக்கு வித்தியாசம் தெரியும். தட்டான் எது, ஊசி எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எனக்குத் தெரியாதது வேறு.

இப்போது பேசினுக்கு வா. பேசினில் செடி போடாதே, அலசினாலும் போடாதே. குழித் தண்ணீரோடுதானே மொண்டாய்? அப்படியானால் அதில் வேறு ஏதாவது வந்திருக்கும். பகல் வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் வைத்துப் பார். வாலில் இலை இருக்கிறதா, இல்லையா என்று பார்க்காதே. குஞ்சைத் தவிர அசைகிற எதுவாக இருந்தாலும் வெளியே எடு. மேலே மெல்லிய துணியை இழுத்துக் கட்டு. கொசு முட்டையிடாது, எந்தத் தட்டானும் வராது. இதை முதலிலேயே குஞ்சுத் தொட்டிக்குச் செய்திருக்கலாமே என்று நான் வந்ததும் சொல்லாதே. எனக்கே தெரிகிறது.

காலித் தொட்டியில் மோட்டாரை ஓடவிடாதே, சூடாகிவிடும். பேசினில் மாற்று. காற்றைக் குறைத்து வை, குஞ்சு அலைபடக் கூடாது.

மகன் சனிக்கிழமை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறான். ஒரு இரவுப் பயணம். ஞாயிறு காலை வந்துவிடுவேன். பஸ் தாமதமாகி, அதற்குள் அந்தப் பையன் வந்தால் வாசலிலேயே நிற்கட்டும். நாற்காலி போடாதே. தண்ணீர் கேட்டால் கொடு. தொட்டியைக் காட்டாதே, பேசினைக் கண்ணிலேயே காட்டாதே. கூடவே தீனிக்கடைக்காரரும் வருவார். அவர் நிற்க வேண்டாம், உட்காரட்டும். நான் சொல்லப்போவதை அவர் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

ஜாடியை எடுத்து வெளியே வை. வேலை இருக்கிறது.

அக்கா